விளையாட்டை வைவோருக்கு ஒரு கேள்வி

கணனி விளையாட்டு என்றதுமே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எழுதுவது எம் பத்திரிகையாளர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில், வீட்டில் விழுங்கவேண்டிய குளிசைகள் ஈராண்டுகள்வரை தொடர்வதுண்டு. அவற்றைத் தவறவிட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். பதினாறு வயதுப் பிள்ளையொன்று மறுத்தால் என்ன செய்வீர்கள்? புத்திமதி சொல்வீர்கள். அதைத்தான் அப்பிள்ளை கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறதே!

அமெரிக்காவின் ஹோப்லாப் நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘ரீ-மிஷன்’ விளையாட்டு வேறு வழியை நாடியது. றொக்ஸி என்னும் நுண்ணிய இயந்திரப் பெண் நோயாளியின் உடலினுள் புகுந்து புற்றுநோய்க் கலங்களைச் சுட்டு வீழ்த்துவாள். நோயாளி மருந்தைத் தவறவிட்டால் அவளது ஆயுதம் பிசகும்.

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் 34 மருத்துவ நிலையங்களில், 13 முதல் 29 வயதுவரையான 375 நோயாளரிடம் இது பரீட்சிக்கப்பட்டது. முடிவு 2008இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ சஞ்சிகையில் வெளியானது. ஒரு சாராருக்குச் சாதாரணக் கணனி விளையாட்டு மட்டும். மறுசாராருக்கு அதனுடன் ரீ-மிஷனும். பின்னவர்களே மருந்தைக் கூடுதல் ஒழுங்காக உட்கொண்டனர். நோய் பற்றிய அறிவும் அதைச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையும் அவர்களிடமே கூடின. மன அழுத்தத்தில் மாற்றமில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

விளையாட்டு தாய்க்கோ தாதிக்கோ ஈடாகாதுதான். ஆனால், தன் நோய்க்கு எதிரான போரில் பிள்ளையை வெறும் பார்வையாளராக இருத்திவிட்டுக் குளிசையை மட்டும் நீட்டுவது என்ன நியாயம்? விளையாட்டைத் தடைசெய்யக் கோருவோர், முதலில் அதன் உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.