மினுங்கும் தாங்கியும் மறந்துபோன துவாரமும்

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்பவருக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. வெற்றிலைக் கட்டும் மரக்கறிச் சாக்கும் சந்தைக்குப் போவது அதில்தான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது புதியது வாங்கும் வழி அடைபட்டது. 2025 பெப்ரவரியில் அந்த வழி மீண்டும் திறந்தபோதோ விலை பலருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. எனவே பழையதைப் புதுப்பித்து ஓட்டும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்த ஊரில் உப்புக் காற்று பெற்றோல் தாங்கியையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே அதைக் கழற்றி வர்ணம் பூசுவிப்பது இங்கு அடிக்கடி நடக்கும் வேலை.

என்னுடைய பழைய வண்டியின் தாங்கியையும் அண்மையில் அவ்வாறு கொடுத்தேன். கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அரை மணி நேரத்தில் பூட்டித் தந்தார்கள். பெற்றோல் நிரப்பிக்கொண்டு மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டேன். தேற்றாத்தீவைக் கடந்ததும் இயந்திரம் நின்றது. சற்றுப் பொறுத்து உதைத்தால் ஓடியது. செட்டிபாளையத்தில் மறுபடியும் நின்றது. வீதியோரம் நின்ற இளைஞர் ஒருவர் தாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. "ஐயா, மூடியில காத்துப் போற ஓட்டைய பெயின்ற் அடைச்சிட்டுது" என்றார். ஊசியொன்றால் குத்திவிட்டார். வண்டி ஓடியது.

தாங்கியிலிருந்து பெற்றோல் தன் பாரத்தால் காபரேற்றருக்கு இறங்குகிறது. இறங்கும் அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வராவிட்டால் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தடைப்படும். இது எவரும் அறியாத விஞ்ஞானம் அன்று. மூடியைப் பூட்டுமுன் ஒருமுறை ஊதிப் பார்த்திருந்தால் போதும்.

எனக்கு நேர்ந்தது சிறிய தொல்லை. பெரிய ஆபத்துகளும் இதே அவசரத்தில்தான் பிறக்கின்றன. பெற்றோலைத் திறந்து மூடும் குழாயில் பழைய, வெடித்த றப்பர் வாஷரையே மீண்டும் போட்டால் அது கசிந்து சூடான இயந்திரத்தின் மேல் சொட்டும். தாங்கியின் கீழுள்ள றப்பர்கள் தொலைந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசிக் காலப்போக்கில் தகட்டில் வெடிப்பு விழும். அக்சிலேற்றர் வயர் தாங்கிக்கு அடியில் நெரிபட்டால், கைபிடியைத் திருப்பும்போது வண்டி தானாகவே வேகம் எடுக்கும். தேய்த்த தூளும் துருவும் உள்ளே கிடந்தால் வடியும் காபரேற்றரும் அடைபடும். வர்ணம் இறுகுமுன் பெற்றோல் ஊற்றினால் சில வகைப் பூச்சுகள் கரைந்து, கொடுத்த பணமும் வீணாகும்.

இதற்கு வேலை செய்பவரை மட்டும் குறைகூற நான் ஆயத்தமில்லை. மினுக்கத்துக்குக் கூலி பேசுகிறோம், பூட்டுவதற்குப் பேசுவதில்லை. அது இலவசமாக முடிந்துவிடவேண்டிய சில்லறை வேலை என்று எண்ணுகிறோம். கூலி இல்லாத வேலைக்கு நேரமும் இருப்பதில்லை. 'கெதியாய் முடியுங்கோ' என்று பக்கத்தில் நின்று அவசரப்படுத்துபவர்களும் நாம்தான். நானும் அன்று அப்படித்தான் நின்றேன்.

ஆகவே என் கருத்து இதுதான்: பூட்டும் வேலைக்குத் தனிக்கூலி கொடுப்போம், கொடுத்தபின் கேள்வியும் கேட்போம். உட்புறம் கழுவப்பட்டதா? வாஷர் புதிதா? மூடியின் துவாரம் திறந்திருக்கிறதா? முதலில் அரை லீற்றர் மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துக் கசிவு பார்ப்போம். கைபிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்போம். இதையெல்லாம் வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்வோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு தவழ்ந்து அடுப்படி வரைக்கும் போகவல்லது.

2022இல் கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அதற்காக வரிசையில் நின்று ஒவ்வொரு துளியையும் எண்ணியவர்கள் நாம். அதே பெற்றோல் ஒரு சிறு வாஷரின் வழியே, பின்னால் பிள்ளை அமர்ந்திருக்கும் வண்டியின் சூடான இயந்திரத்தில் சொட்டுவதை மட்டும் எண்ணாமல் விடலாமா?