இடிந்து விழும் பாலங்கள்: எச்சரிக்கையைக் கேட்பது யார்?

2025 ஜூலை 9 காலை. குஜராத்தின் வடோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைக்கும் கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி உடைந்து, அதில் சென்றுகொண்டிருந்த வாகனங்கள் மஹிசாகர் ஆற்றுக்குள் விழுந்தன. 20 பேருக்கும் மேல் பலியாயினர். 1985ல் திறக்கப்பட்ட பாலம் அது. வயது நாற்பதுதான். பாலத்தின் நிலை மோசம் என்று உள்ளூர் மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தனர். புதிய பாலத்துக்கு ஒப்புதலும் கிடைத்திருந்தது. ஆனால் பழையதில் போக்குவரத்து நிற்கவில்லை. விபத்துக்குப் பிறகு பொறியாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர், வழக்கம்போல!

உடனே எழும் குரல், 'பாலங்களில் சென்சார் பொருத்துங்கள்' என்பது. நல்ல யோசனைதான். வாகனம் போகும்போது பாலம் எவ்வளவு அதிர்கிறது, இரும்பு எவ்வளவு இழுபடுகிறது, தூண் சாய்கிறதா, விரிசல் அகலமாகிறதா என்று இக்கருவிகள் இடைவிடாமல் அளந்து அனுப்பும். மாதங்களுக்கு ஒருமுறை வரும் அதிகாரியின் கண்ணுக்குத் தெரியாதது இவற்றுக்குத் தெரியும்.

இதற்கு உதாரணம் நம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐஐடி சென்சார்களைப் பொருத்தியிருந்தது. 2022 டிசம்பரில், கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதியில் வழக்கத்துக்கு மாறான அதிர்வு பதிவானது. ரயில்கள் உடனே நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6ல் புதிய பாலம் திறக்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. மக்கள் பட்ட அவதி கொஞ்சமல்ல. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பாம்பனில் கருவி சொன்னதும் ரயிலை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது, அவர் நிறுத்தவும் செய்தார். கம்பீராவில் மனிதர்களே வாய்விட்டுச் சொல்லியும் யாரும் நிறுத்தவில்லை. அங்கே சென்சார் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2007 ஆகஸ்ட் 1ல் மின்னியாபோலிஸ் நகரில் நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தனர். இணைப்புத் தகடுகள் தேவையான கனத்தில் பாதிதான் இருந்தன. அது வடிவமைப்பிலேயே நடந்த தவறு. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது 2003ல் எடுத்த புகைப்படங்களிலேயே தெரிந்தது. ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே கட்டி முடித்த புதிய பாலத்தில் 300க்கும் மேற்பட்ட சென்சார்களைப் பதித்தார்கள்.

ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், பாதையை ஏன் சீராக்கவில்லை என்று அல்லாஹ் தம்மிடம் கேட்பான் என அஞ்சியவர் உமர் (ரலி) என்று வரலாற்றில் படிக்கிறோம். ஆட்சியாளர் பொறுப்பின் அளவு அது.

நம் நாட்டில் 2016 ஆகஸ்டில் மஹாராஷ்டிராவின் சாவித்திரி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் பேருந்துகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசு பாலங்களைக் கணக்கெடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சிறு மதகுகள் உட்பட 1.7 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. 147க்கு உடனடி கவனம் தேவை என்றார்கள். கணக்கு இருக்கிறது. தினமும் பிள்ளைகளைப் பள்ளி வேனில் அனுப்பும் பெற்றோருக்கு அது எட்டுவதில்லை. ஒவ்வொரு பாலத்தின் முகப்பிலும் கடைசியாகச் சோதித்த தேதி, தாங்கும் எடை, மூட உத்தரவிட வேண்டிய அதிகாரியின் பதவி ஆகிய மூன்றையும் எழுதி வைக்க பெரிய செலவு ஆகாது. உங்கள் ஊர்ப் பாலத்துக்கு இதைக் கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ஜமாஅத்துகளும் இதைச் செய்யலாம்.