அடுத்த மாடல் வரும்வரை

கும்பகோணத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் கற்பிக்கும் நண்பர் ஒருவர், புதிய மின்னணுத் தம்பூரா வாங்குவதை மூன்றாண்டுகளாகத் தள்ளிப்போட்டு வருகிறார். பணமில்லாமல் அல்ல. அடுத்த மாடல் வரப்போகிறதாம். அதில் நாதம் இன்னும் இயற்கையாக இருக்குமாம். பழைய பெட்டியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில், சுவரோரம் உறையிட்டு நிற்கும் அவருடைய தஞ்சாவூர்த் தம்பூராவுக்குத் தந்தி மாற்றி ஆறாண்டுகள் ஆகின்றன. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். அவரையும், அவரைப்போன்ற நம் எல்லோரையும் குறைகூறத்தான் எழுதுகிறேன்.

சுருதிப்பெட்டிக்கு நான் எதிரியல்லன். பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. 1979இல் அவர் மின்னணுத் தம்பூராவை உருவாக்கியபோது, ரயில் பெட்டிகளில் தம்பூராவைக் காபந்து செய்தபடி பயணம் போன வித்வான்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இசையறிந்தவரே கருவியையும் செய்ததால் விளைந்த நன்மை அது. என் சண்டை இந்தக் காத்திருப்போடுதான்.

காவிரிக்கரையில் கருவிகள் மேம்படாமலா இருந்தன? 17ஆம் நூற்றாண்டில், இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகள் நிலையாக அமைந்த பிறகே இன்றைய வீணை உருப்பெற்றது என்பர். அந்த மெட்டுகள் இன்றும் மெழுகில்தான் பதிகின்றன. தேய்ந்து சுரம் விலகினால் ஆசாரி மெழுகை இளக்கி, ஒவ்வொரு சுரத்தையும் காதால் சோதித்து மறுபடி மேளம் கட்டுகிறார். தாத்தாவின் வீணை பேத்தியின் மடியில் புதிதாகப் பேசுகிறது. பழையதைக் கழித்துக்கொள்ளும் பேச்சே இல்லை.

இதைவிடப் பெரிய சான்று நாகஸ்வரம். குட்டையான திமிரியின் உச்சச் சுருதியிலிருந்து விலகி, நீண்ட பாரியை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. ஆனால் சுத்த மத்தியமம் அவர் மனம் கேட்டபடி அந்தக் குழலில் பேசவில்லை. அவர் எந்த அறிவிப்புக்காகவும் காத்திருக்கவில்லை. பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி இருந்தார். 1955இல் ஆசாரி அந்தச் சுரம் பிசகாமல் ஒலிக்கும் குழலைக் கடைந்து கொடுத்தார். மறுஆண்டே பிள்ளை மறைந்தார், கருவி நிலைத்தது. வாசிப்பவர் குறை சொன்னார், செய்பவர் காது கொடுத்தார். இன்று நம் குறையை எந்தத் தொழிற்சாலை வாசலில் நின்று சொல்வது? அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு, தராததற்காகக் காத்திருக்கிறோம்.

அங்கும் காத்திருப்பு உண்டே என்று ஒருவர் மடக்கலாம். உண்டு. நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் பல பத்தாண்டுகள் உலர்ந்திருக்க வேண்டும். பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடிப்போவது அதனால்தான். சீவாளிக்கான கொறுக்கைத் தட்டையும் அறுத்த மறுநாளே வாயில் வைக்கக்கூடியதன்று. மரம் பக்குவப்படக் காத்திருப்பவனுக்குத் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியும். நண்பருக்கு அது தெரியவில்லை. போன மாடலில் என்ன குறை என்று கேட்டால் விழிக்கிறார்.

தம்பூராவின் குதிரைமேல், தந்திக்கடியில் ஒரு நூலிழையை நுழைத்து, நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள். மயிரிழை தப்பினாலும் கார்வை செத்துவிடும். சுருதி சேர்ப்பதற்குள் கால்மணி போய்விடும் என்று அலுத்துக்கொள்கிறோம். அந்தக் கால்மணி நேரம்தான் பாடம்; பொத்தானை அழுத்திப் பழகும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தபோது கைதட்டினோமே, எத்தனை பேர் வீட்டுக் கருவியைப் பட்டறைக்கு எடுத்துப்போனோம்?

சென்ற மாதம் நண்பர் வீட்டில் வகுப்பு நடக்கையில் மின்சாரம் போயிற்று. பெட்டியின் மின்கலமும் செத்திருந்தது. வேறு வழியின்றித் தம்பூராவின் உறையைக் கழற்றினார். நான்கு தந்திகளில் ஒன்று அறுந்திருந்தது. அது எந்தத் தந்தி என்று கேட்டேன். ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஆறு வருடமாகப் பாடுகிற பெண் மட்டும், சற்றுத் தயங்கி, "பஞ்சமமா சார்?" என்றாள். அறுந்திருந்தது மந்தர ஸட்ஜம்.