செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி நமக்கு எதற்கு? சட்டம் கொடுத்த உரிமையை முதலில் கொடு!

விவசாயப் பெருமக்களே! ஆடு மாடு வளர்க்கும் தாய்மார்களே! வாலிபர்களே!

போன மாதம் ஒருநாள் விடியற்காலை நம் சங்க உறுப்பினர் ஒருவர் போன் செய்தார். பேச்சே வரவில்லை, அழுகைதான் வந்தது. பட்டிக்கு ஓடினோம். ஏழு வெள்ளாடு கிடந்தது. அதில் இரண்டு சினை. தொண்டையைக் கடித்து, வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்தது. தின்றது அரை ஆடு கூட இல்லை, கொன்றது ஏழு. தெருநாய்க் கூட்டம் செய்த வேலை. முக்கால் ஏக்கர் கழனியும் அந்த ஏழு ஆடும்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து.

அன்று சாயங்காலம் அவர் மகன் போனை எடுத்து ஒரு படம் காட்டினான். அமெரிக்காவில் ஒரு பண்ணைக்காரன் இரவில் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் ஆட்டுமந்தைக்கு வந்த மிருகத்தைப் படபடவென்று சுடுகிறான். "இது ஒண்ணு இருந்தா போதும்ணே, ஒரு நாய், ஒரு பன்னி மிஞ்சாது" என்றான். அதோடு விட்டானா? பேப்பர் இல்லாமல் ஒரு நாட்டுத் துப்பாக்கி வாங்கித் தர ஒருத்தன் பேரம் பேசியிருக்கிறான் என்றும் சொன்னான். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிவரை அவனோடு உட்கார்ந்து பேசினோம். அவனிடம் சொன்னதைத்தான் இந்த வட்டாரம் முழுக்கச் சொல்ல இந்தத் துண்டறிக்கை. ஏனென்றால் அவன் ஒருவன் மனசில் மட்டும் இந்த நினைப்பு இல்லை.

பிள்ளையின் கோபம் நியாயம். அதில் நமக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் கோபம் போகிற வழி தப்பு.

துப்பாக்கியில் எது? கணக்குப் பார்ப்போம்!

செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்ன? விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். வெடித்த வேகமே காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். மறுபடி இழுத்தால் மறுபடி வெடிக்கும். போல்ட் ரைஃபிள் என்றால் ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல், உள்ளே ரவை. நாட்டுத் துப்பாக்கிக்குக் குழல் வாயில் கரிமருந்து போட்டு, ரவை போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும்.

இதில் நம் மண்ணுக்கு எது ஆகும்? அமெரிக்கப் பண்ணைக்காரனுக்கு ஆயிரம் ஏக்கர். சுட்டால் குண்டு அவன் நிலத்துக்குள்ளேயே விழும். நமக்கு? முப்பது சென்ட், ஐம்பது சென்ட். வரப்பைத் தாண்டினால் மாடி வீடு, அதைத் தாண்டினால் இருபது மாடி. ஏரிக்கரையில் சித்தாள் குடிசை. ராத்திரி இரண்டு மணிக்கும் ஷிப்ட் முடிந்து பழைய மாமல்லபுரம் ரோட்டில் போகும் பிள்ளைகள். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் குண்டு குறி தப்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். கேளம்பாக்கத்துக் கழனியில் சுட்டது படூரில் ஒருத்தர் வீட்டு ஜன்னலில் விழும். பன்னிரண்டு போர் ரவை நாற்பது மீட்டருக்குள் வேலை செய்யும். அதைத் தாண்டத் தாண்ட வீரியம் இறங்கிவிடும். நம் நிலைமைக்கு அந்த நாற்பது மீட்டர்தான் பாதுகாப்பு.

சட்டமும் அந்தக் கதவைத் திறக்காது. 2016 ஆயுத விதிகளின் அட்டவணையில் செமி ஆட்டோமேட்டிக் முதல் வகையில், கட்டுப்பாடு அதிகமான இடத்தில் இருக்கிறது. கலெக்டரும் கமிஷனரும் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதிக் கொடுக்கிற சாமான் இல்லை அது. பேப்பர் இல்லாத சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருஷம் ஜெயில். தடை செய்த வகை என்றால் 7 முதல் 14 வருஷம். ஏழு ஆடு போனதுக்கு ஏழு வருஷம் பிள்ளையைத் தொலைப்பதா? பேரம் பேச வந்த புரோக்கர் அன்றைக்கு ஜாமீன் எடுக்க வருவானா?

சரி, வெளிநாட்டுக் கதையையும் முழுசாகக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் நரி உண்டு, காட்டுநாய் உண்டு, பன்றியும் உண்டு. 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தர் என்ற ஊரில் ஒருவன் செமி ஆட்டோமேட்டிக்கால் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நாட்டு அரசு அவ்வகை ரைஃபிள்களைப் பொதுமக்களுக்குத் தடை செய்து, ஆறு லட்சத்துக்கும் மேலான துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. நியூசிலாந்தில் 2019-ல் இரண்டு மசூதிகளில் 51 பேர் செத்த பிறகு அங்கேயும் பெரும்பாலான வகைகளுக்குத் தடை. அதற்காக அங்கே ஆடு வளர்ப்பு நின்று போச்சா? இல்லை. கையால் ஏற்றும் ரைஃபிளை வைத்து வேலையைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் செமி ஆட்டோமேட்டிக் தாராளம். ஹெலிகாப்டரில் பறந்துகூட காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2011-லேயே சட்டம் போட்டார்கள். பன்றி ஒழிந்ததா? இன்றைக்கும் லட்சக்கணக்கில் மேய்கிறது. சுடும் வேகத்தை விடக் குட்டி போடும் வேகம் பெரிசு!

யாரைச் சுடப் போகிறோம்?

இதையும் யோசிக்க வேண்டும். நம் பக்கம் ஆட்டைக் கொல்வதில் முதல் இடம் தெருநாய்க்கு. நாயைச் சுட எந்த லைசென்ஸும் இடம் தராது, சுட்டால் வழக்குதான். நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கும், உண்மை. ஆனால் 2022 திருத்தத்துக்குப் பிறகு நரி வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. வரப்பு எலியைத் தின்கிறதும் அதே நரிதான், மறக்க வேண்டாம். மிச்சம் காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் வேர்க்கடலைக் கொல்லையை ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போடும், கதிர் பிடித்த நெல்லில் படுத்து உருளும். அது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கொன்றால் மூன்று வருஷம்வரை தண்டனை.

ஆகவே எப்பேர்ப்பட்ட துப்பாக்கி வாங்கினாலும் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நாமாகத் தொட முடியாது. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு போவதா? இல்லை! அங்கேதான் நம் சண்டை ஆரம்பம்.

சட்டம் நம் பக்கம், ஆபீஸ் நம் பக்கம் இல்லை!

1878-ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு நம் கையில் இருந்ததைப் பிடுங்கினான். சுதந்திரம் வந்தபின் 1959-ல் நம் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. அதன் 13-வது பிரிவு என்ன சொல்கிறது? உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால், சட்டப்படியான தடை எதுவும் இல்லாவிட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் ரவை போடும் வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்கிறது. 14-வது பிரிவு இன்னும் மேலே போகிறது: சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு லைசென்ஸை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அதன்மேல் அப்பீலும் உண்டு.

எழுத்தில் எவ்வளவு அழகு! நடப்பு என்ன? நம்மில் ஒருவர் மனு போட்டார். ஒரு ஆபீஸில் "இது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். அடுத்த ஆபீஸில் "ரிப்போர்ட் வரல". மூன்றாவது இடத்தில் "சிட்டி வந்துடுச்சு, இன்னும் என்னங்க விவசாயம்?" என்று சிரித்தார்கள். சிட்டி வந்ததென்று பன்றிக்குத் தெரியுமா? பழைய லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள், தேர்தல் என்று வாங்கி வைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்க எத்தனை நடை நடந்தோம் என்று சொல்வார்கள்.

மூன்று கிலோமீட்டர் கூத்து

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஓர் உத்தரவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்றுவரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பக்கம் வண்டலூர், திருப்போரூர் என்று காப்புக்காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்தக் கழனி எந்தக் கிலோமீட்டரில் வருகிறது என்று எந்த ஊரிலாவது போர்டு வைத்தார்களா? பன்றி என்ன டேப் வைத்து அளந்துகொண்டா வருகிறது? கதிர் முற்றின சமயத்தில் மனு கொடுத்தால், அறுவடை முடிந்து அடுத்த நாற்று விடும்போது ஆள் வந்து பார்க்கிறார்!

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 2022-ல் அந்த அரசு பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களின் பட்டியல் வைத்து, பன்றி வந்தால் அவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது வேண்டவும் வேண்டாம். வரப்புத் தகராறும் குடியும் உள்ள ஊரில் ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் பன்றிக்கு முன்னால் பங்காளி சாவான்! ஒன்றியத்துக்குப் பத்துப் பேர், பயிற்சி எடுத்தவர்கள், கையில் பன்னிரண்டு போர், கூட ஒரு வனக்காவலர். இதுதான் நம் யோசனை.

குறுக்கு வழிக்குப் போகாதீர்கள்!

கரண்டு வேலி போடுகிறவர்களுக்கும் சொல்கிறோம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானை செத்தது. போட்டவர் ஜெயிலுக்குப் போனார். நம் ஊரில் யானை இல்லை. ஆனால் விடியற்காலை தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் கழனிக்காரர் உண்டு, புல்லறுக்க வரும் தாய் உண்டு. அவுட்டுக்காய் வைப்பதும் அதே பாவம். 2020-ல் பாலக்காட்டில் சினை யானை வாய் கிழிந்து தண்ணீரில் நின்றபடியே செத்ததை உலகமே பார்த்தது. நம் வயிற்றெரிச்சலை இன்னொரு உயிர்மேல் இறக்கக் கூடாது.

நாய்க்கு யார் பொறுப்பு?

நாய் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ரோட்டோர ஓட்டல் கழிவும் கோழிக்கடைக் கழிவும் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது. அதைத் தின்று கூட்டம் பெருகுகிறது. கழிவு கிடைக்காத நாளில் பட்டிக்கு வருகிறது. நாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. செய்தார்களா? திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளக்கோவில் விவசாயிகள் செத்த ஆட்டை ரோட்டில் போட்டுப் போராடினார்கள். அதன் பிறகுதான் 2025-ல் ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால்! ஆனால் ஆறாயிரத்துக்குச் சந்தையில் ஒரு சினை ஆடு பிடித்துக் காட்டட்டும், பார்ப்போம்.

இன்றே செய்ய வேண்டியது

ஆடு செத்தால் அழுதுகொண்டே புதைத்துவிடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். கால்நடை டாக்டரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள். வி.ஏ.ஓ.வுக்கு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பயிர் அழிந்தால் சர்வே எண்ணோடு வனத்துறைக்கு மனு போடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், காகிதம் நிற்கும். ராத்திரிக் காவலுக்கு முறை போடுங்கள், தனியாகப் போகாதீர்கள். பட்டிக்குப் படல் மட்டும் போதாது, கீழே தோண்ட முடியாதபடி கம்பி வலை போடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி மனுக்களுக்குக் குறித்த நாளுக்குள் முடிவு சொல்! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

2. துப்பாக்கிப் பயிற்சியைச் சிறு விவசாயிக்கு அரசு செலவில் கொடு!

3. எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பஞ்சாயத்து ஆபீஸில் ஒட்டு!

4. கேரளா போல லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியல் தயாரித்து, வனத்துறையோடு சேர்த்து இறக்கு!

5. ஒன்றியத்துக்கு ஒரு நாய்க் கருத்தடை மையம் திற! ஏரிக்கரையில் கழிவு கொட்டும் வண்டியைப் பறிமுதல் செய்!

6. ஆட்டுக்குச் சந்தை விலையில், ஒரு மாதத்துக்குள் நஷ்டஈடு கொடு!

பெருமக்களே! அந்தப் பையன் இப்போது புரோக்கரின் போனை எடுப்பதில்லை. சங்க மனுக்களை எழுதிக் கொடுக்கிறான். இதுவரை பதினெட்டுக் குடும்பத்து மனு அவன் கையெழுத்தில் தயார். அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் அத்தனை பேரும் கூடுவோம். செத்த ஆட்டின் போட்டோவோடு வாருங்கள். பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியோடு வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள்.

தோட்டா ஒரு பன்றியைத்தான் சாய்க்கும். ஒன்று சேர்ந்த மனு ஆபீஸ் கதவைச் சாய்க்கும்!

பட்டியைக் காப்போம்! பயிரைக் காப்போம்! பிள்ளைகளையும் காப்போம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், கேளம்பாக்கம் வட்டாரம்.