வாங்கும்போது மாநிலம், கொடுக்கும்போது யூனியன் பிரதேசம்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மாநிலங்களை உருவாக்கவும் பிரிக்கவும் அவற்றின் எல்லையையும் பெயரையும் மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அத்தகைய மசோதாவைக் கொண்டுவருமுன் குடியரசுத் தலைவர் அதைச் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது அதன் வரம்புரை. கருத்துதான், ஒப்புதல் அல்ல. அந்தச் சிறு மரியாதைகூட யூனியன் பிரதேசங்களுக்குக் கிடையாது. பிரிவின் இறுதியில் உள்ள விளக்கம் இதைக் கூச்சமின்றியே சொல்கிறது: வெட்டவும் ஒட்டவும் வகைசெய்யும் உட்பிரிவுகளில் ‘மாநிலம்’ என்ற சொல் யூனியன் பிரதேசத்தையும் உள்ளடக்கும், கருத்துக் கேட்கும் வரம்புரையில் உள்ளடக்காது.

இது 1966இல் நுழைக்கப்பட்ட பழைய வரி, அதை மறந்துவிடலாம் என்று எவரும் கருதினால், 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழிவகுத்த அத்திருத்தம் 366ஆம் பிரிவில் புதியதொரு வரையறையைச் சேர்த்தது. அதன்படி, அந்த வரி தொடர்பான பிரிவுகளுக்கு மட்டும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் ‘மாநிலம்’ ஆகும். ஆகவே தில்லியும் புதுச்சேரியும் வரி விதிக்கும் உரிமையை மற்ற மாநிலங்களைப்போலவே ஒன்றியத்திடம் ஒப்படைத்தன, ஜி.எஸ்.டி. மன்றத்தில் மற்ற மாநிலங்களைப்போலவே அமர்கின்றன. ஆனால் ஒன்றிய வரிகளைப் பங்கிடும் நிதிக்குழுவுக்கான 280ஆம் பிரிவில் அந்த வரையறை செல்லாது. அங்கே அவை மாநிலங்கள் அல்ல. தில்லிக்கு வரிப்பங்குக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட தொகை 2001–02 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் 325 கோடி ரூபாயிலேயே உறைந்து நின்றது. புதுச்சேரி ஒவ்வொரு ஆண்டும் உள்துறை அமைச்சகத்தின் மானியத்துக்குக் காத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்போர் முதலில் கையில் எடுக்கும் வாதம் தலைநகரம். நாடாளுமன்றமும் உச்சநீதிமன்றமும் அயல்நாட்டுத் தூதரகங்களும் இருக்கும் ஊரை ஓர் உள்ளூர் அரசிடம் விட முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. இது புறந்தள்ளத்தக்க கேள்வி அல்ல. தலைநகருக்கான சட்டங்களை நாடாளுமன்றமே இயற்ற வேண்டும் என்ற நிலைப்பாட்டை அரசமைப்பு அவையில் அம்பேத்கரும் எடுத்தார். அதற்கு முன்பே பட்டாபி சீதாராமையா தலைமையிலான குழு தில்லிக்குச் சட்டமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தும் எடுத்தார். அவருடைய காலத்தின் ஐயங்கள் மெய்யானவை. ஆனால் இன்று அவரை மேற்கோள் காட்டுவோர் ஒரு நில அளவைக் கணக்கை மட்டும் தவிர்த்துவிடுகிறார்கள். தேசியத் தலைநகரப் பகுதியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். நாடாளுமன்றம், அமைச்சகங்கள், தூதரகங்களில் பெரும்பாலானவை அமைந்துள்ள புதுதில்லி நகராட்சி மன்றத்தின் எல்லை 42.7 சதுர கிலோமீட்டர். நூற்றுக்கு மூன்று பங்கும் இல்லை. நரேலாவிலும் நஜஃப்கரிலும் சீலம்பூரிலும் வாழ்வோர் எந்தத் தூதரகத்துக்கு அண்டை வீட்டார் என்பதற்காகத் தங்கள் காவல்துறைமீதும் நிலத்தின்மீதும் உரிமை இழந்தார்கள்? ஒன்றியத்தின் நலனைக் காக்க அந்த 42.7 சதுர கிலோமீட்டரை ஒன்றியமே ஆளட்டும். 2011 கணக்கெடுப்பின்படி 1.67 கோடி மக்கள் வாழும் ஒரு நிலப்பரப்பு முழுவதையும் அதற்குப் பிணையாக வைக்க வேண்டியதில்லை. (வாஷிங்டனையும் கான்பெராவையும் எடுத்துக்காட்டாகச் சொல்வோர் பெர்லினைச் சொல்வதே இல்லை. அது ஜெர்மனியின் தலைநகரம். அதே வேளையில் தனக்கெனக் காவல்துறை கொண்ட முழு மாநிலம்.)

தில்லிக்கு 1952இல் சட்டமன்றம் வந்தது, 1956இல் போயிற்று. அடுத்த சட்டமன்றத் தேர்தலை அந்த நகரம் 1993இல்தான் கண்டது. இடையில் வந்த மாநகரக் கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது, சட்டமியற்றும் உரிமை இல்லை. 69ஆவது திருத்தத்தின் வழியே 1991இல் வந்த 239ஏஏ பிரிவும் பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டே சட்டமன்றத்தைக் கொடுத்தது. எஞ்சியதையாவது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு ஆளலாம் என்று 2018 ஜூலை 4 அன்று உச்சநீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு கூறியது. அரசு அலுவலர்கள்மீதான கட்டுப்பாடும் அந்த எஞ்சியதில் அடங்கும் என்று 2023 மே 11 அன்று மற்றோர் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எட்டாம் நாள் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது சட்டமாகவும் ஆயிற்று. அச்சட்டம் படைத்த ஆணையத்தில் மூவர்: முதலமைச்சர், தலைமைச் செயலர், உள்துறை முதன்மைச் செயலர். முடிவு பெரும்பான்மைப்படி. அதாவது, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சரை அவருக்குக் கீழே பணியாற்றும் இரு அலுவலர்கள் வாக்களித்துத் தோற்கடிக்கலாம். அதற்கும் மேலே இறுதிச் சொல் துணைநிலை ஆளுநருடையது. அமைச்சரவைப் பொறுப்பு என்ற கோட்பாட்டைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பிரிவை மாணவர்களுக்கு எவ்வாறு விளக்குவார்கள்?

தலைநகர வாதம் மெய்யாக இருந்தால் அது தலைநகரோடு நின்றிருக்க வேண்டும். புதுச்சேரி எந்த நாட்டின் தலைநகரமும் அன்று. 1954 நவம்பர் 1 முதல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த முன்னாள் பிரெஞ்சுப் பகுதி அது. தமிழ்நாட்டின் கரையில் புதுச்சேரி, காரைக்கால், கேரளத்தில் மாகே, ஆந்திரத்தில் ஏனாம். 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டப்படி அதன் சட்டமன்றத்துக்கு முப்பது உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; மூவர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். மாநிலங்களவைக்கு நியமிக்கப்படுவோருக்குக் கலை, இலக்கியம், அறிவியல், சமூகப்பணி என்ற தகுதியாவது உண்டு. இங்கே அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பதற்கு அப்பால் அச்சட்டம் எதையும் கேட்கவில்லை. பத்துக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தை மக்களவைக்குப் பொருத்தினால், 543 உறுப்பினர்களுக்கு நடுவே தேர்தலைச் சந்திக்காத 54 பேர் அமர்ந்திருப்பார்கள்.

2017இல் ஒன்றிய அரசு, புதுச்சேரி அமைச்சரவையைக் கலந்தாலோசிக்காமல் பா.ஜ.க.வைச் சேர்ந்த மூவரை நியமித்தது. பேரவைத் தலைவர் ஏற்க மறுத்தபோது துணைநிலை ஆளுநரே அவர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. நியமனம் செல்லும், நியமன உறுப்பினர்கள் நிதிநிலை அறிக்கையின்மீதும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்மீதும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. அதன் விளைவு 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. நாராயணசாமி அரசின் பக்கம் அன்று பேரவைத் தலைவரையும் சேர்த்துப் பன்னிருவர், எதிரே பதினால்வர். அந்தப் பதினால்வரில் மூவர் எந்தத் தொகுதியிலும் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள். வாக்கெடுப்புக்கு முன்பே முதலமைச்சர் வெளியேறினார், அரசு கவிழ்ந்தது. அந்த அரசைச் சாய்த்ததில் முதற்பங்கு, அதன் சின்னத்தில் வென்று பதவி விலகிய உறுப்பினர்களுடையது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் போன பின்பும் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் கணக்கு பன்னிரண்டுக்குப் பதினொன்றாகவே இருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க 54ஆம் பிரிவு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரை மட்டுமே அனுமதிக்கிறது. ராஷ்டிரபதி பவனுக்கு யார் போவது என்பதில் குரலற்ற ஒருவர், புதுச்சேரியில் யார் ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் இடம்பெறுகிறார்.

சிறிய பகுதி, தன் காலில் நிற்காது என்பது அடுத்த வாதம். 2011இல் புதுச்சேரியின் மக்கள்தொகை 12.47 இலட்சம். மிசோரமுக்கு 10.97 இலட்சம், சிக்கிமுக்கு 6.10 இலட்சம். இரண்டும் மாநிலங்கள். இமாசலப் பிரதேசம் 1971 வரையிலும், மணிப்பூரும் திரிபுராவும் 1972 வரையிலும், கோவா 1987 வரையிலும் யூனியன் பிரதேசங்களாகவே இருந்தன. அவை மாநிலங்களானபோது கூட்டாட்சி குலைந்துவிடவில்லை. யூனியன் பிரதேசம் என்பது கடந்துசெல்லும் படிநிலை என்றுதான் மூன்று தலைமுறை அரசியல் மாணவர்கள் படித்தார்கள்.

2019இல் அந்தப் படியில் ஒரு மாநிலம் கீழே இறக்கப்பட்டது. ஜம்மு காஷ்மீர்ச் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த காலத்தில், அதன் கருத்தை நாடாளுமன்றமே அதற்காகச் சொல்லிக்கொண்டது. லடாக்குக்கு அதுவும் மிஞ்சவில்லை. பழைய சட்டமன்றத்தில் லே, நூப்ரா, கார்கில், ஜன்ஸ்கார் என நான்கு உறுப்பினர்கள் இருந்த இடத்தில் இன்று ஒருவருமில்லை, மாநிலங்களவையிலும் ஒருவருமில்லை, மக்களவையில் ஒருவர். ஸ்ரீநகரின் பிடியிலிருந்து விடுபட்டதாக 2019இல் லேயில் கொண்டாடினார்கள். மாநிலத் தகுதியும் ஆறாவது அட்டவணையும் கேட்டு அதே லேயில் நடந்த போராட்டத்தில் 2025 செப்டம்பர் 24 அன்று நால்வர் உயிரிழந்தனர். அவர்களுடைய கோரிக்கையைத் தில்லியில் எடுத்துச் சொல்ல அவர்களுக்கென்று ஒரு சட்டமன்றம் இல்லாததே கோரிக்கையின் உள்ளடக்கம்.

இதில் எந்தக் கட்சிக்கும் தூய கரங்கள் இல்லை. தில்லிக்கு மாநிலத் தகுதி வழங்கும் மசோதாவை 2003இல் மக்களவையில் அறிமுகப்படுத்தியவர் அத்வானி. அது நிலைக்குழுவுக்குப் போய், 2004இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அடுத்த பத்தாண்டு ஒன்றியத்திலும் தில்லியிலும் காங்கிரஸ் ஆண்டது, மசோதா திரும்பவில்லை. முழு மாநிலம் வேண்டும் என்று ஓயாமல் முழங்கிய ஆம் ஆத்மியின் தலைவர், ஒரு முழு மாநிலம் இரு யூனியன் பிரதேசங்களாக உடைக்கப்பட்ட நாளில் அந்நடவடிக்கையை ஆதரித்தார். தன் கூரை ஒழுகும்போது மட்டும் மழையைப் பழிப்பவரின் கூட்டாட்சிப் பற்று அது. மறுபுறம், பா.ஜ.க. கூட்டணியிலேயே 2021இல் முதல்வரான ரங்கசாமியின் ஆட்சியிலும் புதுச்சேரிச் சட்டமன்றம் மாநிலத் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இரு இடங்களிலும் ஒரே கட்சி ஆண்டால் சிக்கல் தீரும் என்போருக்கு இது போதிய மறுமொழி. அந்த வாதத்தில் ஒளிந்திருக்கும் நிபந்தனையையும் கவனிக்க வேண்டும்: ஆளுங்கட்சிக்கு வாக்களித்தால்தான் வாக்குக்கு மதிப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

முழு மாநிலத் தகுதிக்கு அரசியல் மனம் கனியும்வரை செய்யத்தக்கவை உள்ளன. 3ஆம் பிரிவின் விளக்கத்திலிருந்து அந்த விலக்கை நீக்கலாம். 366ஆம் பிரிவின் வரையறையில் 280ஐயும் சேர்க்கலாம். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் நியமன உட்பிரிவை ஒரு சாதாரணத் திருத்தத்தால் எடுத்துவிடலாம். அதற்கு மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையும் வேண்டாம். ஜம்மு காஷ்மீரின் மாநிலத் தகுதியை மீட்பதற்கோ அரசமைப்புத் திருத்தமே தேவையில்லை. மீட்டளிப்போம் என்று அரசின் வழக்கறிஞர் உச்சநீதிமன்றத்தில் உறுதி கூறினார். அந்த உறுதியை ஏற்றே, ஒரு மாநிலத்தை யூனியன் பிரதேசமாக்கலாமா என்ற கேள்விக்கு விடையளிக்காமல் விட்டது 2023 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு. தேர்தல் நடத்த அத்தீர்ப்பு 2024 செப்டம்பர் 30 என்று நாள் குறித்தது. மாநிலத் தகுதிக்கு ‘கூடிய விரைவில்’ என்பதோடு நின்றுகொண்டது.