வரி மதிப்பீட்டை எதிர்த்து மேல்முறையீடு: வழக்கறிஞரை அமர்த்துமுன்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி பிறக்கும் வேளையில், நியூ ஜெர்சியில் வீடு வைத்திருக்கும் நம்மவர் பெரும்பாலோருக்கு நகராட்சியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வருகிறது. வரி விதிப்பதற்காக வீட்டிற்கு இட்டிருக்கும் மதிப்பு அதில் அச்சாகியிருக்கும். பலர் பெருமூச்சுடன் அதை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். சிலரோ, "வென்றால் மட்டுமே கட்டணம்" என்று வரும் வழக்கறிஞர் விளம்பரக் கடிதத்தில் அன்றே கையொப்பமிட்டு விடுகிறோம். கணக்குப் பார்க்காமல் செய்யும் இரண்டுமே பிழை.

2024-இல் இம்மாநிலத்தின் சராசரி வீட்டு வரி 10,000 டாலரைக் கடந்தது. அதில் பெரும்பகுதி பள்ளிகளுக்குச் செல்கிறது. பள்ளியைப் பார்த்தே ஊரைத் தேர்ந்தெடுத்த நாம் வரி செலுத்தத் தயங்குவோர் அல்லர்; நமக்குரிய பங்கைவிட மிகுதியாகச் செலுத்துகிறோமா என்பதே கேள்வி. விசாவில் இருப்போரும் பச்சை அட்டைக்குக் காத்திருப்போரும், "அரசோடு நமக்கு ஏன் வழக்கு?" என்று ஒதுங்குவதுண்டு. இவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை. சொத்தின் உரிமையாளர் என்ற தகுதியில் கவுண்டி வரி வாரியத்திடம் அளிக்கும் மனு இது. குடியுரிமை பற்றிய கேள்வியே அதில் இல்லை.

இனி கணக்கிற்கு வருவோம். நகராட்சியின் மதிப்பு சரி என்றே வாரியம் தொடங்கும். தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. "பக்கத்து வீட்டுக்காரருக்கு வரி குறைவு" என்ற வாதம் அங்கே செல்லாது. முந்தைய ஆண்டு அக்டோபர் 1 நாளில் நம் வீடு சந்தையில் என்ன விலை போயிருக்கும் என்பதை, அந்நாளையொட்டி விற்பனையான ஒத்த வீடுகளைக் கொண்டு காட்ட வேண்டும். அது மட்டும் போதாது. 'சாப்டர் 123' எனப்படும் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊருக்கும் மாநில அரசு ஒரு சராசரி விகிதத்தை அறிவிக்கிறது. நம் வீட்டின் விகிதம் அதற்கு மேல் 15 விழுக்காட்டைத் தாண்டினால்தான் குறைப்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, வரி மதிப்பு 5,00,000 டாலர், ஊரின் விகிதம் 80 விழுக்காடு என்று கொள்வோம். மேல் எல்லை 92 விழுக்காடு. உண்மை விலை 6,00,000 என்று நாம் நிறுவினால் நம் விகிதம் 83 தான். ஒரு டாலர்கூடக் குறையாது. விலை 5,20,000 தான் என்று நிறுவினால் விகிதம் 96-ஐத் தாண்டும். அப்போது மதிப்பு அவ்விலையின் 80 விழுக்காடாக, அதாவது 4,16,000 ஆகக் குறையும். 5,00,000-ஐப் பார்த்துவிட்டு, "என் வீடு அதைவிடக் கூடுதலாகத்தானே விலைபோகும்" என்று மனுவே செய்யாமல் விட்டவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நம்மில் பாதிப்பேர் நாள் முழுதும் எக்செல் தாளோடு வாழ்பவர்கள். அரைமணி நேரத்தில் முடியும் வேலை இது. ஊர் முழுவதும் மறுமதிப்பீடு நடந்த ஆண்டில் மட்டும் இவ்விகிதக் கணக்குப் பொருந்தாது.

கூடவே, மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் நம் வீட்டின் பதிவட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லாத குளியலறையும், கட்டி முடிக்காத நிலவறையும் அதில் ஏறியிருக்கக்கூடும். அத்தகைய பிழையைச் சுட்டினால், விசாரணைக்கு முன்பே மதிப்பீட்டாளர் சமரச ஒப்பந்தத்திற்கு இசையலாம். ஒத்த விற்பனைகளைத் தேடித் தொகுப்பதில் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ பெற்றோருக்குத் துணை நிற்கலாம். ஒரு வீட்டின் பொறுப்பு என்னவென்று அவர்களும் அறிந்துகொள்வார்கள்.

வழக்கறிஞர் எப்போது தேவை? வீடு எல்.எல்.சி. பெயரில் இருந்தாலோ, நம் தமிழ்ப்பள்ளியோ கோயிலோ பதிவுபெற்ற அமைப்பாக இருந்து மேல்முறையீடு செய்தாலோ, அவரின்றி இயலாது. மதிப்பு 10 லட்சம் டாலரைத் தாண்டி, நேரே வரி நீதிமன்றம் செல்வதாயின் அவரை அமர்த்துவதே அறிவுடைமை. சாதாரணக் குடியிருப்பு வீட்டிற்குப் பெரும்பாலும் உரிமையாளரே போதும் என்பது எம் கருத்து.

அமர்த்துவதாயின், ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் ஊன்றிப் படியுங்கள். வாரியத்தின் தீர்ப்பு பொதுவாக அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் நிலைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரி 100 டாலருக்கு 2.50 எனில், சேமிப்பு ஆண்டுக்கு 2,100 டாலர். மூன்றில் ஒரு பங்கு கட்டணம் என்றால், முதலாண்டுச் சேமிப்பில் அது 700. மூன்றாண்டுச் சேமிப்பில் 2,100. எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். விலை மதிப்பீட்டு வல்லுநரை அழைத்தால் அவர் கட்டணம் யார் தலையில் என்றும் கேளுங்கள். அவர் அறிக்கை மட்டும் போதாது, விசாரணைக்கு நேரில் வந்தாக வேண்டும். மதிப்பைக் கூட்டும் அதிகாரமும் வாரியத்திற்கு உண்டு என்பதைச் சொல்லாமல் கையொப்பம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பெரும்பாலான கவுண்டிகளில் இறுதிநாள் ஏப்ரல் 1, அல்லது அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்டதிலிருந்து 45 நாள், இவற்றுள் எது பிந்தியதோ அது. மறுமதிப்பீடு நடந்த ஊர்களில் மே 1. மான்மத், பர்லிங்டன், குளஸ்டர் கவுண்டிகளில் ஜனவரி 15. மனுக் கட்டணம், மதிப்புக்கேற்ப 5 முதல் 150 டாலர் வரை. முதல் காலாண்டு வரியைச் செலுத்தியிருக்க வேண்டும்; வழக்குத் தொடுத்திருக்கிறோம் என்று வரியை நிறுத்திவைத்தால் மனு தள்ளுபடியாகலாம்.

- ஆசிரியர் குழு