பன்னிரண்டு வசனங்கள்

பரிசு பெற்ற நாவலோடு நமக்குப் பிணக்கில்லை. பரிசளித்தவர்களின் குறிப்போடுதான் வழக்கு. நாவலின் துயரம் முழுவதையும் கடைசி அத்தியாயத்து உயிர்ப்பு ஈடுசெய்துவிடுகிறதாம்; கிறித்தவ நம்பிக்கையின் சாரமே அதுதானாம். எந்தக் கிறித்தவம் என்று கேட்க அந்த மேடையில் ஆளில்லை.

நடுவர்கள் மாற்குவைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். நான்கு நற்செய்திகளில் மூத்தது அதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் அது 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறை காலி. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உயிர்த்தவர் யார் கண்ணிலும் படவில்லை. 9 முதல் 20 வரையுள்ள பன்னிரண்டு வசனங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. மூல முடிவு தொலைந்துபோனது என்பாரும் உண்டு. தொலைந்ததாகவே இருக்கட்டும், ஒட்டுவேலை ஒட்டுவேலைதான். அச்சத்தில் முடியும் நூலைப் பொறுக்க முடியாத யாரோ காட்சிகளையும் விண்ணேற்றத்தையும் சேர்த்து மங்களம் பாடிவிட்டார்கள். திருச்சபை அதைத் திருநூலாக ஏற்றது வேறு விஷயம். நம் பரிசுக் குழுக்களின் மூதாதையர் அந்த ஒட்டுவேலைக்காரர்களே.

சபைக்குச் சபை உயிர்ப்பு வேறு வேறாகத்தான் வாசிக்கப்பட்டிருக்கிறது. மேற்கத்திய ஓவியங்களில் கிறிஸ்து பெரும்பாலும் கொடி பிடித்துத் தனியாக எழுகிறார். கீழை மரபின் ஈஸ்டர் படிமமோ பாதாளத்தில் நிகழ்கிறது. இஸ்தான்புல் கோரா ஆலயத்தின் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில், தகர்ந்த பாதாளக் கதவுகளை மிதித்து நின்று ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்து இழுக்கிறார். காலடியில் பூட்டுகளும் சாவிகளும் சிதறிக் கிடக்கின்றன. போதகர் டார்பியின் வழிவந்தோர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தை வைத்துக்கொண்டு, மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படும் நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானிய இறையியலாளர் புல்ட்மன் 1941இல் தொன்மத்தைக் களைந்து, பிரசங்கிக்கப்படும் சொல்லிலேயே உயிர்த்தவரைச் சந்திக்கச் சொன்னார். ஹாம்பர்க் குண்டுவீச்சில் பிழைத்துப் போர்க்கைதியான இன்னொரு ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன், 1964இல் வந்த ‘நம்பிக்கையின் இறையியல்’ நூலில் நேர்மாறாகப் போனார்: உயிர்ப்பை நம்புகிறவனுக்கு நிம்மதி கிடையாது, இருக்கிற உலகத்தோடு ஒத்துப்போக அவனால் முடியாது. எல் சால்வதோரில் 1989இல் சுட்டுக்கொல்லப்பட்ட விடுதலை இறையியலாளர் எல்லாகுரியா சிலுவையில் அறையப்பட்ட மக்களைப் பற்றிப் பேசினார். விடுதலை இறையியலில் உயிர்ப்பு, கொன்றவர்கள் எழுதிய தீர்ப்பை இறைவன் ரத்து செய்வது.

ருஷ்யர்களைத் தொடாமல் நம்மால் தலையங்கம் எழுத முடிவதில்லை. டால்ஸ்டாய் சுருக்கி எழுதிய நற்செய்தி சிலுவை மரணத்தோடு முடிகிறது. அங்கே உயிர்த்தெழுதலை வெட்டிய அதே மனிதர் 1899இல் தன் கடைசிப் பெரிய நாவலுக்கு அதையே தலைப்பாக்கினார். மாஸ்கோ நூலகர் ஃபியோதரவ் இன்னும் மேலே போய், இறந்த தந்தையர் அனைவரையும் விஞ்ஞானத்தின் துணையோடு எழுப்புவது பிள்ளைகளின் பொதுக்கடமை என்றார். அவர் பெயரைக்கூட அறியாமல் அந்தக் கருத்துகளைப் படித்த தாஸ்தாயெவ்ஸ்கி, தன் சொந்த எண்ணங்களைப் போலவே இருப்பதாக 1878இல் கடிதம் எழுதினார். பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கலாம். ஆனால் செத்தவர்களில் ஒருவரைக்கூட விட்டுவிட ஃபியோதரவுக்கு மனம் வரவில்லை.

கிறித்தவத்தை விடுங்கள். மறுமையை நம்பாத நம் முற்போக்கு விமர்சனமும் கதைக்குக் கதை கடைசிப் பத்தியில் விடியலைக் கேட்டு வாங்கியது. கிழக்கு வெளுக்காத கதைக்கு நசிவிலக்கியம் என்று முத்திரை விழுந்தது. எதிர்முகாம் இருட்டில் முடித்தாலே கலை என்று கிளம்பியது. இரு தரப்புக்கும் கடைசிப் பக்கம்தான் கண்ணில் பட்டது. ஒரு படைப்பு தன்னோடு யாரைத் தூக்கி எழுப்புகிறது, யாரைக் குழியிலேயே விட்டுவிட்டு எழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கொல்லப்பட்டவன் கிடந்த இடத்திலேயே கிடக்க, வேடிக்கை பார்த்த நாயகன் மட்டும் மனம் தேறி வீடு திரும்பினால் அதற்குப் பெயர் நம்பிக்கையா?

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றி இங்கே எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை இந்தக் கேள்வியோடு மறுபடி வாசித்தால் நம் விடியல்களில் எத்தனை தேறும்? அந்த மறுவாசிப்பை அடுத்த இதழில் தொடங்குகிறோம். மறுப்பவர்களும் எழுதலாம், வெட்டாமல் வெளியிடுவோம்.